பூட்டு இயற்கையின் கையில். பெட்டி மனிதனின் கையில்!

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்றனர் நம் முன்னோர். சுவருக்கும் காது உண்டு என்றும் சொல்லி வைத்தனர். ஏன் சொன்னார்கள்? ஒட்டுக் கேட்பவன் எந்தக் காலத்திலும் இருந்தான். எந்த நாட்டிலும் இருந்தான். மன்னர்கள் ஒற்றர் படை வைத்திருந்தனர். கடித உறையை நீராவியில் காட்டிப் பிரித்து, படித்து, பழையபடி ஒட்டித் தபாலில் சேர்த்த சர்க்கார்கள் உண்டு. தந்தி வந்தது, கம்பியில் கொக்கி போட்டான். டெலிபோன் வந்தது, இணைப்பகத்தில் காதை வைத்தான். ரேடியோ வந்தது, வானத்தையே ஒட்டுக் கேட்டான்!

இதிலே ஒரு கொடுமை உண்டு. வீட்டில் திருடன் புகுந்தால் பெட்டி காலியாகும், காலையில் தெரிந்துவிடும். இரகசியம் திருடு போனால்? அது இருந்த இடத்திலேயே இருக்கும். எழுத்துக் குறையாது, ஏடு கிழியாது. நம்மிடமும் இருக்கும், திருடனிடமும் இருக்கும். பறிபோனது தெரியாமலே அதை நம்பி நாம் நடந்துகொண்டிருப்போம். பொருளை இழந்தவன் விழித்துக்கொள்வான். இரகசியத்தை இழந்தவன் உறங்கிக்கொண்டே இருப்பான்!

இரண்டாம் உலக யுத்தத்திலே இட்லரின் படைகள் 'எனிக்மா' என்ற இயந்திரத்தைக் கொண்டு சங்கேதச் செய்தி அனுப்பின. எவராலும் உடைக்க முடியாதது என்று இறுமாந்திருந்தன. போலந்து நாட்டுக் கணித வல்லுநர்கள் அதன் உள்ளமைப்பை 1932இலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டனர். பின்னர் இங்கிலாந்தில், பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில், ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் உழைத்து அந்தச் செய்திகளைப் படித்தனர். யுத்தம் முடியும் வரை ஜெர்மன் தளபதிகள் அந்த இயந்திரத்தை நம்பினர், நம்பிக் கெட்டனர். உலகத்துக்கு இந்தக் கதை விவரமாகத் தெரிந்தது 1974இல்தான்!

ஒட்டுக் கேட்டால், கேட்டவன் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும். அப்படி ஒரு முறை உண்டா? உண்டு என்கிறது குவாண்டம் விஞ்ஞானம். இயற்கையின் விதியே காவல் நிற்கும் என்கிறது. உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ஓர் 'ஆனால்' இருக்கிறது. அந்த 'ஆனால்' பற்றித்தான் இன்று பேச்சு.

சாவியை யார் சுமப்பது?

சங்கேதம் மந்திரமல்ல, மாயமல்ல. எழுத்தை எண்ணாக்கு; அதோடு வேறோர் எண்ணைக் கூட்டு; அனுப்பு. பெறுகிறவர் அதே எண்ணைக் கழித்தால் பழைய எழுத்து வந்துவிடும். கூட்டவும் கழிக்கவும் உதவும் அந்த எண் வரிசைக்குத்தான் சாவி என்று பெயர். சாவி, செய்தியின் நீளத்துக்கு இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி எடுத்தது போல ஒழுங்கு ஏதும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு முறைக்கு மேல் அதைத் தொடக் கூடாது. வேறெவர் கண்ணிலும் படக் கூடாது. இவ்வளவும் நிறைவேறினால், எத்தனை பெரிய கணக்குப் புலியாலும் அந்தச் சங்கேதத்தை உடைக்க முடியாது என்று அமெரிக்க விஞ்ஞானி கிளாடு ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவிக் காட்டினார்.

நிறுவியாயிற்று, கதை முடிந்ததா? இல்லை! சோவியத் நாட்டின் தூதர்களும் ஒற்றர்களும் கையாண்டது இந்த முறையைத்தான். யுத்த காலத்தில், 1942இல், சாவி ஏடுகளை அச்சிட்ட இடத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருமுறை அச்சாகிவிட்டன. ஒரே சாவி இரண்டு செய்திகளுக்குப் போயிற்று. அந்த ஓட்டை வழியாக அமெரிக்க ஒற்றுத் துறையினர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அச்செய்திகளில் ஒரு பகுதியைப் படித்துவிட்டனர். 'வெனோனா' என்ற அந்த வேலையைப் பற்றி 1995இல்தான் வாய் திறந்தார்கள். ஷானன் போட்ட கணக்குப் பொய்க்கவில்லை, தோழர்களே! அச்சு வேலைதான் பிசகிற்று. இதை மனத்தில் முடிந்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆக, சிக்கல் சாவியில் இருக்கிறது. செய்தி நீளத்துக்குச் சாவி வேண்டுமென்றால், அந்தச் சாவியை யார் சுமந்து போவது? போகிற வழியில் எவனாவது நகல் எடுத்தால்?

இன்றைக்குக் கைப்பேசியில் பணம் அனுப்புகிறோம். கூலி வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அங்கெல்லாம் காவல் நிற்பது எது? கடினமான கணக்கு. இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவது எளிது; பெருக்கி வந்த எண்ணைக் கொடுத்து, பெருக்கிய எண்கள் எவை என்று கேட்டால் இன்றைய கணிப்பொறி திணறுகிறது. அந்தத் திணறலே நமக்குப் பாதுகாப்பு. ஆனால் குவாண்டம் கணிப்பொறி என்று ஒன்று போதிய அளவில் உருவானால், அந்தக் கணக்கு எளிதில் விடுபடும் என்று பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். அந்த அளவுக்குப் பெரிய பொறி இன்னும் உருவாகவில்லை. உருவாகட்டும் என்று ஒற்றன் காத்திருக்க வேண்டுமா? இன்றைய செய்தியை இன்றே பிடித்துப் பெட்டியில் போட்டு வைப்பான். பொறி வந்ததும் திறந்து படிப்பான்! ஆகவேதான், கணக்கின் கடினத்தை நம்பாமல் இயற்கையின் விதியை நம்புகிற சாவி வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடினர்.

பெங்களூரில் அரங்கேறிய யோசனை

முதல் பொறியைத் தட்டியவர் ஸ்டீபன் வீஸ்னர் என்ற இளைஞர். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கள்ள நோட்டு அடிக்கவே முடியாத பணம் செய்யலாம். ஒளித் துகள்களின் இயல்பே அதற்குக் காவல் என்றார். பத்திரிகை ஏற்க மறுத்தது. கட்டுரை பத்தாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்து 1983இல்தான் அச்சேறியது. அந்த வீஸ்னர் பிற்காலத்தில், தாமே விரும்பி, எருசலேம் நகரில் கட்டிட வேலைத் தொழிலாளியாக உழைத்தார், 2021இல் மறைந்தார். மூளை உழைப்பு மேல், கை உழைப்பு கீழ் என்று பேசுவோர் இந்த மனிதரை எண்ணிப் பார்க்கட்டும்!

அவருடைய யோசனையை மறவாதிருந்தவர் சார்லஸ் பென்னட். 1979இல் புவர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு மாநாடு. கடலில் நீந்திக்கொண்டிருந்த ஜில் பிரசார் என்ற கனடா நாட்டுக் கணிப்பொறி அறிஞரிடம் பென்னட் நீந்திப் போனார். தண்ணீரில் மிதந்தபடியே வீஸ்னரின் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். அன்று தொடங்கிய நட்பு ஒரு முறையாக விளைந்தது. அந்த முறையை விளக்கும் கட்டுரை எங்கே அரங்கேறியது தெரியுமா? இலண்டனில் அல்ல, நியூயார்க்கில் அல்ல. நம் பக்கத்துப் பெங்களூரில், 1984 டிசம்பரில் நடந்த ஒரு மாநாட்டில்! இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் அந்த ஆண்டையும் சேர்த்து 'பிபி84' என்று உலகம் அதை அழைக்கிறது.

முறை என்ன? பொறுமையாகக் கேளுங்கள், ஆலையில் இயந்திரம் ஓட்டுகிற கைக்கு இது விளங்காத விஷயமல்ல.

ஒளி துகள் துகளாக வருகிறது. ஒவ்வொரு துகளும் ஒரு திசையில் அதிர்கிறது. ஒரு துகளை நிமிர்த்தி அனுப்பலாம். படுக்க வைத்து அனுப்பலாம். வலப்புறம் சாய்த்தும் அனுப்பலாம், இடப்புறம் சாய்த்தும் அனுப்பலாம். இந்தத் திசையை அளக்க இருவகைக் கருவிகள் உண்டு. ஒன்று நேர்க் கருவி: அதற்கு இரண்டு கண்கள். துகள் நிமிர்ந்து வந்தால் ஒரு கண் சிமிட்டும். படுத்து வந்தால் மறு கண் சிமிட்டும். மற்றொன்று சாய்வுக் கருவி: வலச் சாய்வுக்கு ஒரு கண், இடச் சாய்வுக்கு ஒரு கண். சாய்ந்து வந்த துகளை நேர்க் கருவியில் வாங்கினால் என்ன ஆகும்? ஏதோ ஒரு கண் சிமிட்டும். எந்தக் கண் என்பது காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். அதோடு, துகளின் பழைய சாய்வு அழிந்தே போகும். திரும்ப அளந்து பார்க்க வழியில்லை. முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? அதுவும் ஆகாது! அறியாத நிலையில் உள்ள ஒரு துகளுக்கு அச்சாக நகல் எடுக்க முடியாது என்பது இயற்கை விதி; 1982இல் விஞ்ஞானிகள் அதை நிறுவினர்.

இந்த ஊரில் தோழர் முத்து. அந்த ஊரில் தோழர் வேலன். முத்து ஒவ்வொரு துகளையும் தம் விருப்பம்போல் நேராகவோ சாய்வாகவோ அனுப்புகிறார். வேலனும் தம் விருப்பம்போல் ஏதோ ஒரு கருவியில் வாங்குகிறார். பிறகு டெலிபோனில் பேசுகிறார்கள்: "முதல் துகளை நான் நேராக அனுப்பினேன்." "நான் சாய்வுக் கருவியில் வாங்கினேன்." "அப்படியானால் தள்ளு." எந்தக் கருவி என்று மட்டும் சொல்வார்கள், எந்தக் கண் சிமிட்டியது என்று சொல்ல மாட்டார்கள். பொருந்தியவற்றை வைத்துக்கொள்வார்கள், பொருந்தாதவற்றைத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சியதே சாவி. அந்த டெலிபோன் பேச்சை ஊரே கேட்டாலும் குடி முழுகிப் போகாது!

நடுவில் ஒற்றன் வருகிறான். துகளைப் பிடிக்கிறான், அளக்கிறான், அளந்தபடி புதுத் துகள் செய்து வேலனுக்கு அனுப்புகிறான். ஆனால் எந்தக் கருவியில் அளப்பது என்று அவனுக்குத் தெரியாதே! பாதி நேரம் தவறான கருவியை எடுப்பான். எடுத்தால், அவன் அனுப்பும் துகள் வேலனிடம் பாதி நேரம் தவறான கண்ணைச் சிமிட்ட வைக்கும். பாதியில் பாதி, கால் பங்கு. மிஞ்சிய சாவியில் நூற்றுக்கு 25 பிழைகள்!

முத்துவும் வேலனும் சாவியில் ஒரு 50 இடங்களை எடுத்து வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிட்டதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எல்லாத் துகளையும் தொட்ட ஒற்றன் அந்த 50இலும் தப்பிக்கும் வாய்ப்பு, பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. கேட்டான், மாட்டினான்! நீராவியில் காட்டிப் பிரிக்க முடியாத உறை இது. தொட்டால் கறை படியும் உறை இது.

விதி நின்றது, பெட்டி பேசியது!

அருமை, அற்புதம் என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? கைதட்டுங்கள், தகும். ஆனால் விதி தாளில் இருந்தால் போதுமா? துகளை அனுப்ப ஒரு பெட்டி வேண்டும்; வாங்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டியைச் செய்பவன் மனிதன்.

முதல் பெட்டி 1989இல் இயங்கியது. அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரு மேசை மேல், 32 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சாவி போயிற்று. முழம்கூட இல்லை! ஒளியின் சாய்வை மாற்ற மின்சாரம் செலுத்தும் கருவி அதில் இருந்தது. அது ஒவ்வொரு சாய்வுக்கும் ஒவ்வொரு விதமாக இரைந்தது. காதைத் தீட்டிக் கொண்டு நின்றால், எந்தத் துகள் எப்படிப் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்! "இந்தப் பெட்டி, செவிட்டு ஒற்றர்களுக்கு எதிராக மட்டும் முழுப் பாதுகாப்பானது" என்ற பொருளில் பிரசாரே பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். எண்ணிப் பாருங்கள்! இயற்கையின் விதியை எவனும் மீறவில்லை. பெட்டியே வாய் திறந்து இரகசியத்தைச் சொல்லிவிட்டது.

அது ஆராய்ச்சிக்கூடப் பொம்மை, விட்டுவிடுவோம் என்பீர்கள். சரி. பிறகு இந்தப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. 2007 அக்டோபரில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்தில் தேர்தல் முடிவுகளை அனுப்பும் கம்பிக்கே இந்த முறையைக் காவல் வைத்தனர். 'உடைக்கவே முடியாதது' என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. எனிக்மாவைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்!

நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் வாடிம் மக்கரோவ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கேள்வி கேட்டனர்: விதியைத் தொடாமல், வேலனின் பெட்டியைத் தொட்டால் என்ன?

வேலனின் கருவியில் உள்ள கண் மிக நுட்பமானது. ஒரே ஒரு ஒளித் துகள் பட்டாலும் சிமிட்டும். அப்படிப்பட்ட கண்ணில் பளீரென்று ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினால்? கூசிப் போகிறது! ஒற்றைத் துகளை அறியும் திறன் அதனிடம் இல்லாது போகிறது. ஓர் அளவுக்கு மேற்பட்ட வெளிச்சம் வெட்டினால் மட்டுமே சிமிட்டும் மந்தக் கண்ணாகிவிடுகிறது. ஒற்றனுக்கு இது போதாதா?

ஒற்றன் முத்துவின் துகளைப் பிடித்துத் தன் கருவியில் அளக்கிறான். அளந்தபடி வேலனுக்கு ஒரு துகள் அனுப்பாமல், அதே சாய்வில், அந்த அளவைச் சற்றே தாண்டும் ஒரு வெளிச்ச வெட்டை அனுப்புகிறான். வேலனும் அதே வகைக் கருவியை எடுத்திருந்தால், வெளிச்சம் முழுவதும் ஒரே கண்ணில் விழும், கண் சிமிட்டும். வேறு கருவியை எடுத்திருந்தால், வெளிச்சம் இரு கண்களுக்கும் பாதி பாதியாகப் பிரியும். பாதி வெளிச்சம் அளவைத் தாண்டாது. இரண்டும் சும்மா இருக்கும். வேலன் என்ன நினைப்பார்? "துகள் வழியில் தொலைந்தது போலும்" என்பார். துகள் வழியில் தொலைவது அன்றாட நடப்புத்தானே!

விளைவு? ஒற்றன் எதை அளந்தானோ அதுவே வேலனின் ஏட்டில் ஏறுகிறது. அந்த 25 சதப் பிழை எங்கே? காணோம்! ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், எல்லாம் பொருந்துகிறது. சாவி பத்திரம் என்று மகிழ்கிறார்கள். முத்துவிடம் ஒரு சாவி, வேலனிடம் ஒரு சாவி, ஒற்றனிடமும் ஒரு சாவி!

சந்தையில் விற்ற இரண்டு பெட்டிகள், ஒன்று சுவிட்சர்லாந்து நிறுவனத்தினுடையது, மற்றொன்று அமெரிக்க நிறுவனத்தினுடையது, இரண்டுமே இந்தக் கூச்சத்துக்கு ஆளாகும் என்று 2010இல் அவர்கள் வெளியிட்டனர். வெறும் வாய்ப்பேச்சு என்று எவரும் சொல்லக் கூடாதென்று, மறு ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில், 290 மீட்டர் நீளக் கண்ணாடி இழையில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சி அமைப்பின் நடுவே ஒற்றனை உட்கார வைத்தே காட்டினர். சாவி முழுவதும் ஒற்றன் கைக்கு வந்தது. எச்சரிக்கை மணி ஒன்றுகூட அடிக்கவில்லை!

இவர்கள் திருடர்களா? அல்ல! திருடன் கண்டுபிடித்தால் வெளியே சொல்ல மாட்டான். இவர்கள் செய்தவரிடமும் சொன்னார்கள், ஊரறியவும் எழுதினார்கள். கொதிகலனில் விரிசல் கண்டவன் கூவிச் சொன்னால், அவன் ஆலைக்குப் பகைவனா? தொழிலாளியின் உயிர்த் தோழனல்லவா?

அடைப்பதும் திறப்பதும்

ஓட்டை கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அடைக்கும் வழியும் தேடப்பட்டது. ஒற்றைத் துகள் அனுப்புவதாகச் சொல்லும் பெட்டி, சில வேளை ஒரே சாய்வில் இரண்டு மூன்று துகள்களை அனுப்பிவிடும். ஒற்றன் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், கறையே படியாது! இதற்கு 2003 முதல் 2005 வரை ஒரு மருந்து கண்டனர். நடுநடுவே வெளிச்ச அளவை மாற்றிப் போலித் துடிப்புகளை அனுப்புவது. எது மெய், எது போலி என்று ஒற்றனுக்குத் தெரியாது. கை வைத்தால் கணக்கு உதைக்கும்.

கண் கூசும் வித்தைக்கு 2012இல் ஒரு மறுப்பு வந்தது. வேலனும் வாங்க வேண்டாம். முத்து, வேலன் இருவருமே அனுப்பட்டும். கண்ணுள்ள பெட்டி நடுவில் மூன்றாமவனிடம் இருக்கட்டும். அவன் ஒற்றனாகவே இருந்தாலும் கவலையில்லை என்றார்கள்! நடுப்பெட்டி, இரு துகள்களும் தம்முள் ஒத்திருந்தனவா மாறுபட்டனவா என்று மட்டும் சொல்லும். எது எப்படி இருந்தது என்று அதற்கே தெரியாது. பொய் சொன்னால் பிழையாக வெளிப்படும்.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். அது தரும் விடைகளை வைத்தே அதன் நேர்மையைச் சோதித்துவிடலாம் என்ற முறையை 2022இல் சோதனையில் காட்டினர். ஆக்ஸ்போர்டில் நடந்த சோதனையில் ஏறத்தாழ 8 மணி நேரம் உழைத்து 95,628 இலக்கச் சாவி செய்தனர். தூரம்? 2 மீட்டர்! ஜெர்மனியின் மியூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில் அதே அடிப்படையைச் சோதித்தனர். நேர்மை கூடக் கூட, தூரம் குறைந்தது. அதுதான் அன்றைய நிலை.

மறுபுறம், சந்தையில் விற்ற பெட்டிக்குப் போட்ட ஒட்டுத் துணியையும் சோதித்தவர்கள் உண்டு. கண்களின் திறனை அடிக்கடி மாற்றிவிட்டால் ஒற்றன் ஏமாறுவான் என்று ஒரு நிறுவனம் மாற்றம் செய்தது. அது போதாது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அடைப்பு, சோதனை, மறுபடி ஓட்டை, மறுபடி அடைப்பு. பாதுகாப்பு என்பது ஒரு நாள் வாங்கி மாட்டும் படமல்ல தோழர்களே. நாள்தோறும் செய்யும் வேலை!

வழியில் நிற்பவன் யார்?

இன்னொன்றும் உண்டு. கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டர் போனால், நூறு துகளில் ஒன்றுதான் போய்ச் சேரும். வழியில் நகல் எடுத்துப் பெருக்கி அனுப்பலாமா? முடியாது; நகல் எடுக்க முடியாது என்பதுதானே நம் பாதுகாப்பே! எனவே நெடுந்தூரத்துக்கு நடுவில் நிலையங்கள் வைக்கிறார்கள். சீனத்தில் பீகிங் முதல் ஷாங்காய் வரை 2,000 கிலோமீட்டர் வழியை 2017இல் திறந்தார்கள். அதில் 32 நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சாவி திறந்த சாவியாகவே கிடக்கும்; அங்குள்ளவரை நம்பித்தான் ஆக வேண்டும். 2016இல் அனுப்பிய 'மோசி' செயற்கைக்கோளைக் கொண்டு மறு ஆண்டு பீகிங்கிலிருந்து வியன்னா வரை சாவி பரிமாறி, படத்தோடு பேசிக்கொண்டனர். பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கேயும் செயற்கைக்கோள் இரு பக்கத்துச் சாவியையும் அறிந்திருந்தது. ஒற்றன் கம்பியைத் தொட்டால் விதி காட்டிக் கொடுக்கும். நிலையத்துக்குள் நுழைந்தால் யார் காட்டிக் கொடுப்பது?

அதோடு, அந்தப் பக்கம் பேசுவது வேலன்தானா என்று முத்துவுக்கு எப்படித் தெரியும்? ஒற்றன் முத்துவிடம் வேலனாகவும், வேலனிடம் முத்துவாகவும் நடித்தால்? ஆள் அடையாளம் சொல்ல, முன்னமே ஒரு சிறு இரகசியமோ வேறு ஏற்பாடோ இருந்தாக வேண்டும். கம்பியை அறுத்துவிட்டால் சாவியே வராது. அதையும் விதி தடுக்காது.

இந்தக் காரணங்களை எடுத்துக் காட்டித்தான் 2020இல் அமெரிக்க, பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறைகள், சர்க்காரின் இரகசியத் தொடர்புக்கு இந்த முறையைப் பரிந்துரைக்கவில்லை என்றன. 2024இல் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் துறைகளும் கணக்கு வழிப் பாதுகாப்புக்கே முதலிடம் என்றன. குவாண்டம் கணிப்பொறிக்கும் கடினமாக இருக்கும் என்று கருதப்படும் புதிய கணக்குகளை 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டது. "ஒட்டுக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லவா இவர்கள்? இவர்கள் பேச்சைக் கேட்பதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி! சொன்னவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். சொன்ன காரணத்தைப் பாருங்கள். காரணம் எவரும் சோதித்துப் பார்க்கக் கூடியது. சோதித்துத்தான் மேலே சொன்னேன். புதிய கணக்கும் சோதனைக்கு உட்பட்டதே. இன்று கடினம் என்பது நாளைக்கும் கடினம் என்பதற்கு நிரூபணம் இல்லை.

நம் பணம், நம் கேள்வி

இது எங்கோ நடக்கும் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலத்துக்கும் இடையே, 100 கிலோமீட்டருக்கு மேல், ஏற்கெனவே போட்டிருந்த கண்ணாடி இழையில் நம் நாட்டு விஞ்ஞானிகள் சாவி பரிமாறிக் காட்டினர். 2023 ஏப்ரலில் மத்திய சர்க்கார் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 2,000 கிலோமீட்டர் தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்புத் தொடர்பு என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. பணம் யாருடையது? பீடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கிற மக்களுடையது.

செலவிடட்டும், விஞ்ஞானத்துக்குச் செலவிடுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் 'உடைக்க முடியாத பூட்டு' என்று எவர் வந்து விற்றாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்று: உடைக்க முடியாதது விதியா, பெட்டியா? இரண்டு: பெட்டியைச் சோதித்தவர் யார்? விற்றவரேயா, விற்பனையில் பங்கில்லாத வெளியாரா? மூன்று: ஓட்டை கண்டவன் ஊரறியச் சொல்ல இடமுண்டா, வாய்ப்பூட்டுப் போடுவீர்களா?

படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்க வேண்டாம். பாய்லர் வெடிக்காது என்று அதிகாரி சொன்னால், அழுத்தமானியைக் காட்டு என்று கேட்கிறவன் தொழிலாளி. தராசு சரி என்று கடைக்காரன் சொன்னால், முத்திரையைக் காட்டு என்று கேட்கிறவள் தாய். அதே கேள்விதான் இங்கும்.

இட்லரின் தளபதிகள் இயந்திரத்தை நம்பினர், போதிய அளவு சோதிக்கவில்லை. சாவி ஏட்டைக் கையாண்டவர்கள் கணக்கை நம்பினர், அச்சைப் பார்க்கவில்லை. டிரான்ட்ஹைம் ஆராய்ச்சியாளர்கள் எதையும் அப்படியே நம்பவில்லை. தட்டிப் பார்த்தார்கள், அதனால் உலகம் கொஞ்சம் விழித்தது. இயற்கையின் விதி பொய் சொல்லாது தோழர்களே! ஆனால் விதி தானே வந்து நம் வீட்டு வாசலில் நிற்பதில்லை; ஒரு பெட்டியில் அடைத்துத்தான் வருகிறது. அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்க்கும் உரிமையை எவருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள்!